சான்றின் உறுதியும் பரிந்துரையின் அழுத்தமும்: மருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின் தரப்படுத்தல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் ஒவ்வொரு பரிந்துரையோடும் இரண்டு மதிப்பீடுகளை வழங்குகின்றன. ஒன்று சான்றின் உறுதியைப் பற்றியது. மற்றொன்று பரிந்துரையின் அழுத்தத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்காகவே கிரேடு முறை உருவாக்கப்பட்டது. எனினும் நடைமுறையில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கோவிட் காலத்தில் உலக சுகாதார நிறுவனமும் இந்தியத் தேசியப் பணிக்குழுவும் வெளியிட்ட நெறிமுறைகளைச் சான்றாகக் கொண்டு இக்கலப்பு நிகழும் இடங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்மதிப்பீடுகளைத் தமிழில் பெயர்க்கும்போது எழும் சொல்லாட்சிச் சிக்கலும் இதில் கருத்தில் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கிரேடு முறை, சான்றின் உறுதி, நிபந்தனைப் பரிந்துரை, வழிகாட்டு நெறிமுறை, கோவிட், மருத்துவத் தமிழ்

முன்னுரை

2021 ஏப்ரல் 22 அன்று எய்ம்ஸ் மருத்துவமனையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் பணிக்குழுவும் இணைந்து, வயது வந்தோருக்கான கோவிட் சிகிச்சை நெறிமுறையை ஒரே பக்க வரைபடமாக வெளியிட்டன. இலேசான நோய்க்குரிய பகுதியில் ‘செய்யலாம்’ எனப் பொருள்படும் தலைப்பின்கீழ் ஐவர்மெக்டின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகிய மருந்துகள் இடம்பெற்றன. அவை குறைந்த உறுதியுடைய சான்றின் அடிப்படையிலானவை என்ற குறிப்பும் அங்கேயே அச்சிடப்பட்டிருந்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், மார்ச் 31 அன்று, உலக சுகாதார நிறுவனம் ஐவர்மெக்டினை ஆய்வுச் சோதனைகளுக்கு வெளியே பயன்படுத்த வேண்டாம் என அறிவித்திருந்தது. அந்நிறுவனம் கூறிய காரணமும் சான்றின் உறுதி மிகக் குறைவு என்பதே.

ஒரே காரணத்தைச் சுட்டி ஓர் அமைப்பு ‘தரலாம்’ என்கிறது. மற்றோர் அமைப்பு ‘வேண்டாம்’ என்கிறது. இவற்றுள் ஒன்று சான்றைத் தவறாக மதிப்பிட்டுவிட்டது என முடிவு செய்வது எளிது. அம்முடிவு பிழையானது. சான்றைப் பற்றி இரண்டு அமைப்புகளும் ஏறத்தாழ ஒரே கருத்தையே கொண்டிருந்தன. சான்றிலிருந்து பரிந்துரைக்குச் செல்லும் வழியில்தான் அவை பிரிந்தன. அந்த வழியை ஒழுங்குபடுத்துவதற்கென்றே உருவான முறை ஒன்று இருக்கையில் இப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

தரப்படுத்தலின் தோற்றம்

சான்றுக்குத் தரவரிசை அளிக்கும் வழக்கம் 1979இல் கனடாவில் தொடங்கியது எனலாம். காலமுறை உடற்பரிசோதனைக்கான கனடியப் பணிக்குழு, சான்றுகளை மூன்று வகையாகவும் பரிந்துரைகளை ஐந்து எழுத்துகளாலும் குறித்தது. பின்னர் ஒவ்வொரு மருத்துவச் சங்கமும் தனக்கென ஒரு குறியீட்டை வகுத்துக்கொண்டது. ஒரு சங்கத்தின் ‘ஏ’ மற்றொரு சங்கத்தின் ‘ஒன்று’. ஒன்றின் ‘ஒன்று-பி’ இன்னொன்றில் ‘இரண்டு’. ஒரே மருந்துக்கு ஒரே ஆண்டில் பல்வேறு எழுத்துகள் சூட்டப்பட்டன. இக்குழப்பத்தை நீக்க 2000இல் ஒரு பன்னாட்டுக் குழு கூடியது. கார்டன் கயாட், ஆண்டி ஆக்ஸ்மன், ஹோல்கர் ஷூனமன் முதலியோர் பங்கேற்ற அக்குழுவின் முன்மொழிவு 2004இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. அதுவே இன்று கிரேடு எனப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் இம்முறையைத் தழுவியதற்கு ஒரு கண்டனமும் காரணம். அந்நிறுவனத்தின் பரிந்துரைகள் முறைசார் மீளாய்வுகளைவிட வல்லுநர் கருத்தையே பெரிதும் சார்ந்துள்ளன என ஆக்ஸ்மனும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் லான்செட் இதழில் எழுதினர். அதே ஆண்டில் நெறிமுறை மீளாய்வுக் குழு ஒன்றை அந்நிறுவனம் அமைத்தது.

கிரேடு முறையின் அடிப்படைக் கருத்து எளியது. ஒவ்வொரு விளைவுக்கும் சான்றின் உறுதி உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என நான்கு படிகளுள் ஒன்றில் வைக்கப்படும். சமவாய்ப்பு ஒப்பீட்டுச் சோதனைகள் உயர்ந்த படியில் தொடங்கும். உற்றுநோக்கல் ஆய்வுகள் வழக்கமாகக் குறைந்த படியில் தொடங்கும். ஒருபக்கச் சாய்வு, முடிவுகளின் முரண், நேரடித் தொடர்பின்மை, துல்லியமின்மை, வெளியீட்டுச் சாய்வு ஆகியவை படியை இறக்கும். பேரளவு விளைவும் மருந்தளவுக்கேற்ப விளைவு மாறுதலும் போன்றவை அதை ஏற்றும். இவ்வளவும் முடிந்த பிறகே பரிந்துரை வருகிறது. அதற்கு இரண்டே நிலைகள் உள்ளன: அழுத்தமானது, நிபந்தனைக்குட்பட்டது. பரிந்துரையை முடிவு செய்யும்போது சான்றின் உறுதி ஒரு காரணி மட்டுமே. நன்மை தீமைகளின் நிறை, நோயரின் விருப்பம், செலவு, நடைமுறைச் சாத்தியம் ஆகியவையும் அதில் சேரும்.

அளவைகள் பற்றிய விவாதம் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை பத்து அளவைகளைப் பேசுகிறது. ஆனால் காட்சி, கருதல், ஆகமம் போன்ற அளவைகள் அறிவு பிறக்கும் வழிகளைக் குறிப்பன. கிரேடு முறை அளப்பது வழியையன்று. ஒரு குறிப்பிட்ட எண்ணின்மீது எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதையே. ஓர் ஆய்வு எவ்வளவு நேர்மையாக நடத்தப்பட்டிருந்தாலும் அதில் பங்கேற்றோர் சிலரே எனின் அதன் உறுதி குறையும். இதனாலேயே கிரேடு குழுவினர் ‘தரம்’ என்னும் பழைய சொல்லைக் காலப்போக்கில் கைவிட்டு ‘உறுதி’ எனப் பொருள்படும் சொல்லுக்கு மாறினர். தரம் ஆய்வாளரைக் குறைகூறுவது போல ஒலிக்கிறது. உறுதியோ அதைப் படிப்பவரின் நிலையைக் குறிக்கிறது.

ஒரு சோதனை, இரண்டு பரிந்துரைகள்

இம்முறை சிறப்பாகச் செயல்பட்டதற்கு டெக்ஸாமெத்தசோன் நல்ல சான்று. 2020 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் ஸ்டீராய்டுகளை வழக்கமாகத் தரவேண்டாம் என்றது. அப்போது கையிலிருந்தவை பெரும்பாலும் சார்ஸ், மெர்ஸ், இன்ஃபுளுவென்சா ஆகியவற்றின் உற்றுநோக்கல் தரவுகளே. அவை கோவிட் நோய்க்கு நேரடியாகப் பொருந்துவனவும் அல்ல. 2020 ஜூனில் பிரித்தானியாவின் ரெக்கவரி சோதனை முடிவு வெளியானது. டெக்ஸாமெத்தசோன் பெற்றோர் 2104 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோர் 4321 பேர். செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரில் 28 நாள் இறப்பு விழுக்காடு 41.4இலிருந்து 29.3ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றோரில் 26.2இலிருந்து 23.3ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதோரில் நிலை வேறு: மருந்து பெறாதோரில் 14.0, பெற்றோரில் 17.8.

இந்த மூன்றாம் இணை எண்களே நுட்பமான இடம். இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடியதே. நம்பக இடைவெளி இரு பக்கமும் விரிந்திருந்தது. மருந்து இவர்களைக் கொன்றது எனக் கூற இடமில்லை. காப்பாற்றியது எனக் கூறவும் இடமில்லை. 2020 செப்டம்பர் 2 அன்று வெளியான உலக சுகாதார நிறுவன நெறிமுறை இதை இரண்டாகப் பிரித்தது. கடுமையான, உயிருக்கு ஆபத்தான நோயில் ஸ்டீராய்டு தருமாறு அழுத்தமான பரிந்துரை; சான்றின் உறுதி நடுத்தரம். கடுமையற்ற நோயில் தரவேண்டியதில்லை என நிபந்தனைப் பரிந்துரை. சான்றின் உறுதி குறைவு. முன்பு ஒரே விலக்காக இருந்தது எண்களுக்கேற்ப இரு திசைகளாகப் பிரிந்தது. மருந்து மலிவானது, எங்கும் கிடைப்பது என்பதும் முதற்பரிந்துரையின் அழுத்தத்திற்கு உதவியது.

அடுத்த ஆண்டு இந்தியாவில் மியூகோர்மைகோசிஸ் என்னும் கரும்பூஞ்சை நோய் பரவியபோது, கட்டுப்பாடற்ற நீரிழிவோடு ஸ்டீராய்டுகளின் முறையற்ற பயன்பாடும் காரணியாகப் பேசப்பட்டது. இலேசான நோய்க்கு ஸ்டீராய்டு கூடாது என மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் எச்சரிக்க நேர்ந்தது. ‘குறைந்த உறுதி, நிபந்தனைக்குட்பட்டது’ என்ற முத்திரையைக் கண்டோர் அதைப் புறக்கணிக்கத்தக்கதாக எண்ணினரா என்பது ஆராயத்தக்கது. நிபந்தனைப் பரிந்துரை என்பது அரைமனத்துப் பரிந்துரை அன்று. பெரும்பாலோர் ஏற்பர், ஆயினும் கணிசமானோர் வேறு முடிவெடுக்கக்கூடும் என்பதே கிரேடு முறையில் அதற்குரிய பொருள்.

‘செய்யலாம்’ என்பதன் பொருள்

ஐவர்மெக்டினுக்கு மீண்டால் சிக்கல் தெளிவாகும். உலக சுகாதார நிறுவனத்தின் முன் இருந்தவை 16 சோதனைகள். அவற்றில் சேர்க்கப்பட்டோர் மொத்தம் 2407 பேர். சோதனைகள் சிறியவை, இறப்பு நிகழ்வுகள் மிகச் சில, முறையியல் குறைகளும் இருந்தன. இத்தகு சான்றிலிருந்து எத்திசையிலும் பரிந்துரை செய்ய இயலாது எனக் கருதியே குழு அம்மருந்தை ஆய்வுக்குள் நிறுத்தியது. இம்மருந்துக்குச் சாதகமாகப் பேசப்பட்ட எகிப்திய ஆய்வு ஒன்று, அச்சுக்கு முந்தைய வடிவில் வெளியிடப்பட்ட தளத்திலிருந்து 2021 ஜூலையில் நீக்கப்பட்டது. குழுவின் தயக்கம் பொருத்தமானதே என்பதை இது காட்டியது.

இந்திய நெறிமுறையை உருவாக்கியோர் வேறொரு நிறையை வைத்திருக்கலாம்: மருந்து மலிவு, நெடுங்காலம் பழகியது, இரண்டாம் அலையின் உச்சம், வேறு மருந்தில்லை. இவை ஏற்கத்தகாத காரணங்கள் அல்ல. நன்மை தீமைகளின் நிறை, செலவு என்று கிரேடு முறையே இவற்றுக்கு இடம் தருகிறது. குறை எங்கெனில், இந்த நிறை எங்கும் எழுதப்படவில்லை. வரைபடத்தில் சான்றின் உறுதி மட்டும் இருந்தது. அந்த உறுதியிலிருந்து ‘செய்யலாம்’ என்பதற்கு வந்த வழி இல்லை. எந்த நோயருக்கு, என்ன எதிர்பார்ப்போடு, எப்போது நிறுத்துவது என்பனவும் இல்லை. வழி மறைக்கப்பட்ட இடத்தில் வாசிப்பவர் தாமே ஒரு வழியை இட்டுக்கொள்கிறார்.

அவ்வாறே நிகழ்ந்தது. 2021 மே மாதம் கோவா மாநில அரசு, 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் நோய்த்தடுப்பாக ஐவர்மெக்டின் தரப்போவதாக அறிவித்தது. தேசிய நெறிமுறையில் நோயுற்றோருக்கு, அதுவும் ‘செய்யலாம்’ என்ற அளவில் இருந்த ஒன்று, நோயற்றோர் அனைவருக்குமான கொள்கையாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் அன்றைய தலைமை அறிவியலாளர் சௌமியா சுவாமிநாதன், ஆய்வுச் சோதனைகளுக்கு வெளியே இம்மருந்தைத் தமது நிறுவனம் பரிந்துரைக்கவில்லை எனப் பொதுவெளியில் நினைவூட்டினார். அழுத்தமான பரிந்துரையைப் பெரும்பாலான சூழல்களில் கொள்கையாக ஏற்கலாம். நிபந்தனைப் பரிந்துரையைக் கொள்கையாக்குமுன் விரிந்த விவாதம் தேவை என்பது கிரேடு முறையின் தெளிவான விதி. அவ்விதி ஒரு பக்க வரைபடத்தில் இடம்பெறாதது வியப்பன்று. அவ்விடத்தில்தான் அதற்கான தேவை மிகுதி.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் நிலை இன்னும் கடினமானது. அம்மருந்துக்கு எதிராக உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரிலேயே அழுத்தமான பரிந்துரை செய்திருந்தது. பெரிய சோதனைகள் பல அதன் பயனின்மையைக் காட்டிவிட்டிருந்தன. அதன்பின்னும் அதை ‘குறைந்த உறுதியுடைய சான்று’ என்ற தலைப்பின்கீழ் வைத்தது தரப்படுத்தற்பிழை. சான்று இல்லை என்பதும், பயனில்லை என்பதற்குச் சான்று உண்டு என்பதும் வெவ்வேறு. முன்னதற்கு ‘குறைவு’ என்ற படி பொருந்தும், பின்னதற்குப் பொருந்தாது. 2021 செப்டம்பரில் வெளியான திருத்த நெறிமுறையில் இரு மருந்துகளும் நீக்கப்பட்டன.

பிளாஸ்மா சிகிச்சையின் வரலாறு இதைவிட வேதனையானது. அங்குச் சான்று இந்தியாவிலேயே பிறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயரைக்கொண்டு நடத்திய பிளாசிட் சோதனை, 2020 அக்டோபரில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. நோய் முற்றுதல் அல்லது இறப்பு பிளாஸ்மா பெற்றோரில் 19 விழுக்காடு; பெறாதோரில் 18 விழுக்காடு. பெருந்தொற்றின் நடுவே ஓர் ஏழைநாட்டு மருத்துவக் கட்டமைப்பு இத்தகு சோதனையை நிகழ்த்தியது பாராட்டுக்குரியது. ஆயினும் 2021 ஏப்ரல் நெறிமுறையில் பிளாஸ்மா, குறிப்பிட்ட சூழல்களுக்குரியது என்ற வரையறையோடு தொடர்ந்தது. அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் பிளாஸ்மா தேடி நோயர்களின் உறவினர் சமூக ஊடகங்களில் விடுத்த வேண்டுகோள்களை அக்காலத்தைக் கண்டோர் மறந்திருக்க இயலாது. 11,558 நோயரைக்கொண்ட ரெக்கவரி சோதனையில் இரு தரப்பிலும் இறப்பு 24 விழுக்காடே என்ற முடிவு மே 14 அன்று லான்செட்டில் வெளியானது. மே 17 அன்று இந்திய நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீங்கியது. ஏழு மாதங்களுக்கு முன்பே கையில் இருந்த உள்நாட்டுச் சான்று எப்படியில் வைக்கப்பட்டது, ஏன் போதாதெனக் கருதப்பட்டது என்பதற்கு அந்த வரைபடத்தில் விடையில்லை.

முறையின் உள்ளிருந்து எழும் முரண்

குறையை இந்திய நெறிமுறையின்மீது மட்டும் ஏற்றுவது நடுநிலையாகாது. கிரேடு முறையைத் தழுவிய உலக சுகாதார நிறுவனமே அதன் விதிகளுக்குள் நின்றதா என அலெக்சாண்டரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தனர். 2014இல் வெளியான அவ்வாய்வு, 2007 முதல் 2012 வரையிலான நெறிமுறைகளில் கிரேடு முறையைப் பின்பற்றிய 43ஐ எடுத்துக்கொண்டது. அவற்றிலிருந்த 456 பரிந்துரைகளுள் 289 அழுத்தமானவை. அந்த 289இல் 55.5 விழுக்காடு குறைந்த அல்லது மிகக் குறைந்த உறுதியுடைய சான்றின்மேல் நின்றவை.

குறைந்த சான்றிலிருந்து அழுத்தமான பரிந்துரை செய்வதைக் கிரேடு முறை முற்றிலும் தடுப்பதில்லை. உயிருக்கு ஆபத்தான நிலை, நன்மை ஐயத்திற்குரியதாகவும் தீமை உறுதியாகவும் இருத்தல், பேரிழப்புக்கான வாய்ப்பு என ஐந்து சூழல்களை அது விதிவிலக்காக ஏற்கிறது. எச்5என்1 பறவைக்காய்ச்சலுக்கு ஓசெல்டமிவிர் தருமாறு 2006இல் செய்யப்பட்ட அழுத்தமான பரிந்துரை இத்தகையது. சான்றின் உறுதி மிகக் குறைவு, நோயோ கொடியது, மருந்தின் தீமை சிறிது. இம்மூன்றும் வெளிப்படையாகக் கூறப்பட்டதால் அப்பரிந்துரையை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். புரியவில்லை எனக் கூற முடியாது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் முரண்பட்ட பரிந்துரைகளுள் பெரும்பாலானவை அந்த ஐந்து சூழல்களுக்குள் அடங்கவில்லை. ‘நிபந்தனைக்குட்பட்டது’ என எழுதினால் அரசுகள் நிதி ஒதுக்கா என்ற அச்சம் குழுக்களில் நிலவுவதுண்டு. அவ்வாறாயின் பரிந்துரையின் அழுத்தம் சான்றையோ விருப்பத்தையோ அன்றி, நிதித்துறைச் செயலாளரின் கவனத்தை அளப்பதாகிவிடுகிறது.

மறுதிசையில் நிகழும் முரணுக்கு 2019இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியான சிவப்பிறைச்சிப் பரிந்துரை சான்று. 14 பேர் கொண்ட குழுவில் 11 பேர், மக்கள் இப்போதுள்ள அளவிலேயே உண்ணலாம் என வாக்களித்தனர். பரிந்துரை நலிந்தது, சான்றின் உறுதி குறைவு என்று அவர்களே எழுதினர். உணவுமுறையை ஆண்டுக்கணக்கில் சமவாய்ப்பு முறையில் சோதிப்பது அரிது. ஆகவே உணவியற் சான்று அனைத்தும் குறைந்த படியிலேயே நின்றுவிடும் என எதிர்ப்பாளர் வாதிட்டனர். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் குழுவின் முடிவைத் தீர்மானித்தது சான்றின் படி அன்று. இறைச்சி உண்போர் அதை விட விரும்பார் என்ற விருப்பநிலை பற்றிய மதிப்பீடே. எதிர்ப்பாளரின் சினம் தவறான இலக்கை நோக்கிப் பாய்ந்தது எனலாம்.

சான்றும் பரிந்துரையும் எவ்வாறு முறையாகப் பிரிந்து இணையலாம் என்பதற்குச் சென்னையிலேயே பழைய முன்மாதிரி உண்டு. 1956இல் தொடங்கப்பட்ட சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 193 நோயரைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, வீட்டுச் சிகிச்சையையும் சானடோரியச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 1959இல் முடிவை வெளியிட்டது. குணமடைந்தோர் விகிதம் சானடோரியத் தரப்பில் சற்றே கூடுதலாக இருந்தது. எண்ணை மட்டும் நோக்கினால் பரிந்துரை சானடோரியத்துக்குச் சாதகமாகியிருக்கும். ஆனால் வீட்டிலிருந்த நோயரால் குடும்பத்தினருக்குத் தொற்று மிகுந்ததாகத் தெரியவில்லை. படுக்கைகளோ நாட்டின் தேவைக்குப் போதா. இவையனைத்தும் நிறுக்கப்பட்டு வீட்டுச் சிகிச்சை ஏற்கப்பட்டது. கிரேடு என்ற சொல் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் பரிந்துரைப் படிவம் முழுவதும் சேத்துப்பட்டில் நிரப்பப்பட்டிருந்தது.

தமிழில் பெயர்க்கும்போது

ஆங்கிலத்தில் கிரேடு முறை இரண்டு வினைகளைத் திட்டமிட்டு வேறுபடுத்துகிறது: அழுத்தமானதற்கு ஒரு வினை, நிபந்தனைக்குரியதற்கு மென்மையான மற்றொரு வினை. தமிழில் இரண்டுமே ‘பரிந்துரைக்கிறது’ எனப் பெயர்க்கப்படுகின்றன. பெயரடையிலும் இதே நிலை. ‘வலுவான சான்று’ என்றும் ‘வலுவான பரிந்துரை’ என்றும் ஒரே அடைமொழியை இரு அளவீடுகளுக்கும் இடுவதால், ஒன்று வலுவெனில் மற்றதும் வலு என்ற எண்ணம் சொல்லிலேயே ஊன்றப்படுகிறது. சான்றுக்கு ‘உறுதி’, பரிந்துரைக்கு ‘அழுத்தம்’ என இருவேறு சொற்களை இக்கட்டுரை ஆண்டிருப்பது இதன் பொருட்டே.

இதைவிடச் சிக்கலானது ‘-லாம்’ ஈறு. ‘இம்மருந்தைத் தரலாம்’ என்ற தொடர் அனுமதியையும் உணர்த்தும், வாய்ப்பையும் உணர்த்தும், பேச்சில் அழைப்பாகவும் ஒலிக்கும். உரிமம், ஐயம், ஊக்கம் ஆகிய மூன்றும் ஓர் ஈற்றில் அடங்கியிருக்கையில், மருத்துவர் ஒன்றையும் மருந்துக்கடைக்காரர் மற்றொன்றையும் நோயரின் மகன் வேறொன்றையும் கேட்பது இயல்பு. எதிர்மறையில் தமிழ் இவ்வளவு ஏழ்மையானதன்று. ‘தரக்கூடாது’ என்பது அழுத்தமான விலக்கு. ‘தரவேண்டியதில்லை’ என்பது நிபந்தனை விலக்கு. இவ்வேறுபாட்டைப் படிக்காதவரும் உணர்வர். கடுமையற்ற கோவிட் நோயில் ஸ்டீராய்டு பற்றிய பரிந்துரைக்கு இரண்டாவது வடிவமே பொருந்தும், ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு முதலாவது.

உடன்பாட்டில் ‘தருக’ என்பது அழுத்தத்திற்குப் போதுமானது. நிபந்தனைக்கு ‘-லாம்’ ஈற்றைத் தனியே விடாமல், ‘இன்ன நிலையிலுள்ள நோயருக்கு, இன்ன பயனை அவர் விரும்பின், கலந்து பேசித் தருக’ என நிபந்தனையைத் தொடருக்குள்ளேயே அமைப்பது ஒரு வழி. தொடர் நீளும், ஒரு பக்க வரைபடத்தில் அடங்காமலும் போகலாம். நிபந்தனையை எழுத இடமில்லாத வரைபடத்தில் நிபந்தனைப் பரிந்துரைக்கும் இடமில்லை எனக் கொள்வதே முறை. இவ்வடிவங்களை நோயரும் செவிலியரும் எவ்வாறு பொருள்கொள்கின்றனர் என்பதை ஒப்பீட்டு முறையில் சோதிப்பது கடினமான ஆய்வன்று. மொழியியல் துறையும் சமூக மருத்துவத் துறையும் அருகருகே அமைந்த பல்கலைக்கழகம் எதிலும் அதைத் தொடங்க இயலும்.